எந்த நாளில், எந்தத் தெருவில்? சராசரிக்குள் புதைக்கப்படும் தருமபுரிக் குழந்தைகள்

புள்ளிவிவரம் வெளியாகும் ஒவ்வொரு முறையும் நம் நண்பர்கள் ஒரு எண்ணை எடுத்துப் பெருமையோடு பகிர்கிறார்கள். 2020ஆம் ஆண்டுக்கான மாதிரிப் பதிவுத் திட்ட அறிக்கையின்படி, உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயது நிறைவதற்குள் இறப்பவை இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. இதே தமிழ்நாட்டில் 2001இல் அது 49. இருபது ஆண்டுகளில் முக்கால் பங்கு குறைந்திருக்கிறது. இந்தி பேசும் மாநிலங்களோடு ஒப்பிட்டு ஒரு படம், கீழே ஒரு முழக்கம். வேலை முடிந்தது.

அந்த எண் பொய் என்று நான் சொல்லவில்லை. வெயிலிலும் மழையிலும் ஊர் ஊராக நடந்த கிராம சுகாதாரச் செவிலியர்களின் கால்கள் அதற்குள் இருக்கின்றன. 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. 2008இல் ஓடத் தொடங்கிய 108 வண்டி இருக்கிறது. சத்துணவு சாப்பிட்டுப் பள்ளிக்குப் போன ஒரு தலைமுறைத் தாய்மார் இருக்கிறார்கள். இதைக் குறைத்துப் பேசுகிறவர் இந்த மண்ணின் உழைப்பைக் குறைத்துப் பேசுகிறார்.

ஆனால் தோழர்களே, இறப்பு குறையக் குறைய, மிச்சமிருக்கும் இறப்பு எங்கே போய்ச் சேர்கிறது என்று நாம் கேட்பதில்லை. அந்தப் 13 குழந்தைகள் எப்போது இறந்தன? பிறந்த முதல் மணி நேரத்திலா, மூன்றாம் நாளிலா, ஐந்தாம் மாதத்திலா? யார் வீட்டில் இறந்தன? இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்காத வரை 13 என்பது விளம்பரப் பலகையில் எழுதப்படும் எண் மட்டுமே. இதை வேறெந்த மாவட்டத்தையும்விடத் தருமபுரி நன்றாக அறியும்.

ஏன் தருமபுரி? குழந்தை எந்த நாளில் இறந்தது என்ற ஒற்றைத் தகவல் ஒரு சமூகத்தின் குற்றத்தையே வெளியே இழுத்துப் போட்ட மாவட்டம் இது.

1986 ஜூனில் 'இந்தியா டுடே' இதழ் உசிலம்பட்டிப் பகுதியின் பெண் சிசுக்கொலை பற்றிப் பெரிய கட்டுரை வெளியிட்டது. அதன்பின் பல ஆண்டுகளுக்குப் பொதுப்புத்தியில் பெண் சிசுக்கொலை என்றால் கள்ளர் சாதி, கள்ளர் சாதி என்றால் பெண் சிசுக்கொலை. ஒரு சாதியின் 'வழக்கம்' என்று சொல்லி மற்ற எல்லோரும் கைகழுவிக்கொண்டார்கள். பத்தாண்டுகள் கழித்து, 1990களின் நடுவில், ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளை ஷீலா ராணி சுங்கத், வி.பி. ஆத்ரேயா ஆகிய இருவரும் ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வு 1997இல் வெளியானது. மதுரை, தேனி, திண்டுக்கல்லோடு அது நிற்கவில்லை. சேலம், தருமபுரி என்று நீளும் ஒரு பட்டையே வரைபடத்தில் தெரிந்தது. 'ஒரு சாதி வழக்கம்' என்ற சொகுசான கதை அங்கே உடைந்தது.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்? யாரும் ஒப்புக்கொண்டு வாக்குமூலம் தரவில்லை. பதிவேட்டில் இருந்த நாள்கணக்கு பேசியது. இயற்கையாக, பிறந்த முதல் வாரத்தில் பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளே அதிகம் இறக்கும். பெண் உடலுக்கு அந்த வயதில் தாங்கும் சக்தி கூடுதல். உலகம் முழுக்க இதுதான் நிலை. அது தலைகீழாகி, முதல் சில நாட்களில் மட்டும் பெண் குழந்தைகளின் இறப்பு எகிறி நின்றால் அதற்கு நோய் காரணமாக இருக்க முடியாது. நோய்க்குப் பாலினம் பார்த்து நாள் குறிக்கத் தெரியாது, மனிதக் கைகளுக்குத் தெரியும். பதிவேடுகளில் இந்தச் சாவுகளுக்கு வைக்கப்பட்ட பெயர் 'சமூகக் காரணங்கள்'. கொலை என்று எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எந்த நாள் என்று எழுதி வைத்தார்களே, அது போதுமானதாக இருந்தது. ஒரு வயதுவரை இறந்த எல்லாக் குழந்தைகளையும் ஒரே கூடையில் போட்டு ஒரே விகிதமாகச் சொல்லியிருந்தால் இந்தக் குற்றம் பாதி மறைந்துபோயிருக்கும்.

எண்ணிப் பார்த்த பிறகுதான் அரசு நகர்ந்தது. 1997 முதல் 1999 வரை தருமபுரி மாவட்டத்தில் கலைப்பயணக் குழுக்கள் ஊர் ஊராகத் தெருவில் ஆடியும் பாடியும் பேசின. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் விரிந்தது. தருமபுரியில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 2001இல் 826 பெண் குழந்தைகளே இருந்தார்கள், 2011இல் 913 பேர். உயர்ந்தது உண்மை. அப்போதும் அது 943 என்ற மாநிலச் சராசரிக்குக் கீழேதான். கருவிலேயே பாலினம் பார்த்துச் சொல்லும் கும்பல்கள் இந்த மாவட்டத்தில் பிடிபடும் செய்தி அண்மை ஆண்டுகளிலும் வந்தபடிதான் இருக்கிறது. பிறக்கவே விடப்படாத பெண் குழந்தை சிசு மரணக் கணக்கில் வராது. கொலை பிறப்புக்கு முன்னால் நகர்ந்துவிட்டால் விகிதம் அழகாகத் தெரியும். இதுவும் நேரத்தின் கணக்குதான்.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. குற்றவாளி யார் என்று சுட்டிக்காட்ட ஊடகத்துக்குச் சாதிப் பெயர் தேவைப்பட்டது. பாதிக்கப்படுவது யார் என்று எண்ணும்போது மட்டும் சாதி திடீரென்று அநாகரிகமாகிவிடுகிறது.

இன்றைய நிலைக்கு வருவோம். அதே 2020 அறிக்கையின்படி, தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கு இறக்கும் 13 குழந்தைகளில் 9 பிறந்த 28 நாட்களுக்குள் இறக்கின்றன. இறப்பு குறைந்த எல்லாச் சமூகங்களிலும் இப்படித்தான் நடக்கும். வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் அம்மையும் கட்டுப்படும்போது ஐந்தாம் மாத, எட்டாம் மாதச் சாவுகள் முதலில் குறைகின்றன. மிச்சமிருப்பது பிறந்த முதல் நாள், முதல் வாரத்தில் வந்து குவிகிறது.

இந்த இடத்தில்தான் ஓர் ஏமாற்று நுழைகிறது. பிரெஞ்சு மக்கள்தொகை அறிஞர் ழான் பூர்ஷ்வா-பிஷா 1951இல் சிசு மரணங்களை இரண்டாகப் பிரித்தார். முதல் மாதச் சாவுகளில் பெரும்பகுதி உடலுக்குள்ளிருந்தே வரும் காரணங்களால், அதாவது பிறவிக் கோளாறு, குறைப்பிரசவம், பிரசவக் காயம் ஆகியவற்றால் நிகழ்பவை. அதற்குப் பிந்தியவை வெளியிலிருந்து வரும் தொற்று, பட்டினி, புறக்கணிப்பு ஆகியவற்றால் நிகழ்பவை. இறப்பு மிகுந்திருந்த காலத்தில் இந்தப் பிரிவினை பயன்பட்டது. ஆனால் நம் அதிகாரிகளின் வாயில் இதன் மிச்சம் ஒரு சாக்காக மாறிவிட்டது: 'முதல் வாரச் சாவுதானே? எடை குறைவு, குறைமாதம். நாங்கள் என்ன செய்ய முடியும்?'

2014 நவம்பரில் நாம் கேட்டதும் இதையேதான். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகள் இறந்து நாடே திரும்பிப் பார்த்தபோது, எடைக் குறைவு, குறைப்பிரசவம், பிறந்தவுடன் மூச்சுத்திணறல் என்று அரசுத் தரப்பில் பட்டியல் வாசிக்கப்பட்டது. மருத்துவக் காரணங்களாக அவை உண்மையாகவே இருக்கட்டும். எடை ஏன் குறைந்தது என்று அடுத்த கேள்வியைக் கேட்டீர்களா? பதினேழு வயதில் கல்யாணம், ரத்தசோகை, ஏழாம் மாதம்வரை செங்கல் சூளையிலோ பெங்களூருவின் கட்டட வேலையிலோ சித்தாள் வேலை, மலையிலிருந்து இறங்க வண்டி இல்லை என்று நீளும் சங்கிலியின் கடைசிக் கண்ணிதான் 'எடைக் குறைவு'. அதை இயற்கை என்று பெயரிட்டு மூடுவது, சாதியும் வறுமையும் சேர்ந்து செய்ததைத் தாயின் கருப்பை மீது சுமத்துவது.

குழந்தை இறந்த நேரம் நமக்கு விலாசம் காட்டுகிறது. முதல் 24 மணி நேரச் சாவு, தாயின் கர்ப்பகால உடல்நிலையையும் பிரசவ அறையின் தரத்தையும் வண்டி வந்து சேர்ந்த நேரத்தையும் பேசுகிறது. இரண்டாம் நாளிலிருந்து ஏழாம் நாள்வரையிலான சாவு, பச்சிளம் குழந்தைகள் சிறப்புச் சிகிச்சைப் பிரிவில் எத்தனை செவிலியர், எத்தனை படுக்கை, கிருமித்தொற்று எந்த அளவில் என்பதைப் பேசுகிறது. இரண்டாம் வாரத்திலிருந்து நான்காம் வாரம்வரையிலானது, வீட்டுக்குப் போன குழந்தையை யார் வந்து பார்த்தார்கள் என்று கேட்கிறது. அதற்குப் பிந்தியது தண்ணீர், குடிசை, சோறு பற்றியது. இரண்டு ஊர்களிலும் விகிதம் 13 ஆகவே இருக்கலாம். ஓர் ஊரில் முதல் மணி நேரத்தில் சாகும், இன்னோர் ஊரில் ஆறாம் மாதத்தில் சாகும். குற்றவாளிகள் வேறு, செய்ய வேண்டியதும் வேறு. ஒற்றை எண் இரண்டையும் ஒன்றாக்கி எல்லோரையும் விடுவித்துவிடுகிறது.

இறப்பு குறைந்த இடத்தில் இந்தக் கணக்கை எடுப்பது எளிதில்லை என்பதையும் ஒப்புக்கொள்வோம். பிறந்து ஒரு முறை மூச்சிழுத்து இறந்த குழந்தையை 'இறந்தே பிறந்தது' என்று எழுதிவிட்டால் அது சிசு மரணமே ஆகாது. மூச்சு, இதயத்துடிப்பு, தொப்புள்கொடியின் துடிப்பு, தசை அசைவு ஆகியவற்றில் எது இருந்தாலும் உயிர்ப்பிறப்பு என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. சோவியத் ஒன்றியத்தில் ஒரு கிலோவுக்கும் குறைவான எடையில் குறைமாதத்தில் பிறந்து ஏழு நாட்களுக்குள் இறந்த குழந்தைகளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. விகிதம் குறைவாகக் காட்டியது. விகிதம் 100 ஆக இருக்கும்போது இப்படி ஒன்றிரண்டு நழுவினால் பெரிதாகத் தெரியாது. 13 ஆக இருக்கும்போது இரண்டு நழுவினால் அதுவே பெரிய 'சாதனை'. அதனால்தான் முதல் நாள் சாவையும் இறந்து பிறந்தவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறோம். இன்னொரு பக்கம், 26ஆம் நாளில் இறந்திருக்கக்கூடிய குறைமாதக் குழந்தையை நவீன கருவிகள் 35ஆம் நாள்வரை காப்பாற்றி வைக்கலாம். பச்சிளம் குழந்தை இறப்பு குறைந்ததாகத் தோன்றும், குழந்தை பிழைத்திருக்காது. எனவே 28 நாள் என்று ஒரே ஒரு கோடு போட்டால் போதாது. மணியும் நாளும் வேண்டும்.

அது ஒன்றும் கேட்கக்கூடாத பொருளில்லை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இன்படி நிரப்பப்படும் இறப்புப் படிவத்திலேயே அந்தக் கட்டம் இருக்கிறது: ஒரு மாதத்துக்குக் குறைந்த வயதென்றால் எத்தனை நாள், ஒரு நாளுக்குக் குறைந்ததென்றால் எத்தனை மணி. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டின் பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவ நிலையங்களில் நடந்ததாகக் கண்டார்கள். பிறந்த நிமிடம் அங்கே எழுதப்படுகிறது. தாயின் கர்ப்பம் பதிவாகும்போது பட்டியல் சாதியா, பழங்குடியா, மற்றவரா என்று கேட்டு எழுதவும் பதிவேட்டில் இடமுண்டு. கர்ப்பப் பதிவு எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் கிடைப்பதே பாடு. அத்தனையும் கையில் இருக்கிறது. மாவட்ட வாரியாக, இறந்த வயது வாரியாக, சமூகப் பிரிவு வாரியாகச் சேர்த்து அடுக்கிய அட்டவணையாக மட்டும் அது நம் கண்ணுக்கு வருவதில்லை. மாதிரிப் பதிவுத் திட்டம் மாவட்ட அளவிலும் தராது, சாதி வாரியாகவும் தராது. குடும்பநல ஆய்வின் மாவட்டத் தகவல் தாளில் சிசு மரண விகிதமே கிடையாது.

இதோடு இன்னொரு ஓட்டை. இறப்பு எந்த இடத்தில் நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவாகும். சித்தேரி மலையில் பிறந்த குழந்தையைத் தருமபுரிக்குத் தூக்கி வந்து, அங்கிருந்து சேலத்துக்கு அனுப்பி, சேலத்தில் இறந்தால் அது சேலத்தில் பதிவான சாவு. வசிக்கும் ஊரை வைத்துத் திருப்பி அடுக்காவிட்டால் மலை 'சாவே இல்லாத' இடமாகத் தெரியும். பென்னாகரம் பக்கத்து மலைக் கிராமங்களிலிருந்து நோயாளிகளைத் துணியில் தொட்டில் கட்டித் தோளில் சுமந்து இறக்கும் படங்கள் செய்தித்தாளில் வரும்போது நாம் கொதிக்கிறோம். அந்தத் தொட்டில் கீழே வந்து சேர ஆன மணிக்கணக்கு, பதிவேட்டின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

'எண்ணிக்கை ரொம்பச் சின்னது, பிரித்தால் அர்த்தம் இருக்காது' என்பது நிபுணர்களின் பதில். சரி, காகிதத்தில் கணக்குப் போடுவோம். 2011 கணக்கெடுப்பின்படி தருமபுரியின் மக்கள்தொகை ஏறத்தாழ 15 லட்சம். ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 14 பிறப்பு என்று வைத்துக்கொண்டால் 21,000 குழந்தைகள். மாநிலச் சராசரியான 13 இங்கும் பொருந்துவதாக வைத்தால் ஆண்டுக்குச் சுமார் 273 சாவுகள். மாவட்டத்தில் பழங்குடியினர் சுமார் 4 சதவீதம், பட்டியல் சாதியினர் சுமார் 16 சதவீதம். ஓராண்டில் பிறக்கும் பழங்குடிக் குழந்தைகள் 840 என்றால் ஐந்தாண்டுகளில் 4,200. சராசரி விகிதத்தில் 55 சாவுகள். இரண்டு மடங்கானால் 110. பட்டியல் சாதிக் குழந்தைகள் ஐந்தாண்டுகளில் 16,800; சராசரியில் 218 சாவுகள். ஐம்பத்தைந்துக்கும் நூற்றுப்பத்துக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கா புள்ளியியல் பலவீனமானது? ஓராண்டை மட்டும் பார்க்காதே, ஐந்தாண்டைச் சேர்த்துப் பார். தீர்வு அவ்வளவுதான்.

இப்போது அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். பழங்குடிக் குழந்தைகள் இரண்டு மடங்கு, அதாவது ஆயிரத்துக்கு 26 பேர் செத்தாலும், மாவட்டச் சராசரி எவ்வளவு நகரும்? 13இலிருந்து 13.5க்கு. அரைப் புள்ளி! முழு எண்ணாக்கும்போது காணாமல் போகக்கூடிய அரைப் புள்ளி. ஒரு சமூகமே தன் பிள்ளைகளை இரட்டிப்பாகப் புதைத்தாலும் மாவட்டத்தின் பெருமைக்கு ஒரு கீறலும் விழாது. சராசரி என்பது இப்படித்தான் பெரும்பான்மையின் மொழியில் பேசுகிறது. எண் குறையக் குறைய இந்த மறைப்பு கூடுகிறது.

இது வெறும் கற்பனைக் கணக்கு என்பவர்கள் பக்கத்து மாநிலத்தைப் பார்க்கட்டும். இந்தியாவின் பெரிய மாநிலங்களில் சிசு மரணம் மிகக் குறைவாக இருப்பது கேரளத்தில். அந்தக் கேரளத்தின் அட்டப்பாடியில் 2013இல் பழங்குடிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். ரத்தசோகைத் தாய்மார், எடை குறைந்த பிள்ளைகள். மாநில எண் அப்போதும் அழகாகவே இருந்தது. இந்திய அளவில் குடும்பநல ஆய்வின் நான்காம் சுற்றில், பட்டியல் சாதியில் ஆயிரத்துக்கு 45, பழங்குடியில் 44, பிற்படுத்தப்பட்டோரில் 42, மற்றவர்களில் 32. சாதிப் படிநிலை அப்படியே தொட்டிலிலும் தெரிகிறது.

'பிணத்திலும் சாதியா?' என்று கேட்பார்கள். தருமபுரியில் பலருக்கும் சுடுகாடே சாதிவாரியாகத்தான் இருக்கிறது, ஐயா. 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி சேரிகளில் வீடுகளைத் தேடித் தேடிக் கொளுத்தியவர்களுக்கு எந்த வீடு யாருடையது என்று துல்லியமாகத் தெரிந்திருந்தது. எரிக்கத் தெரியும் சாதி, எண்ணும்போது மட்டும் தெரியாமல் போக வேண்டுமா? அமெரிக்கா ஒன்றும் நமக்கு முன்மாதிரி நாடல்ல. ஆனால் அங்கே பிறப்புச் சான்றையும் இறப்புச் சான்றையும் இணைத்து, மணி, நாள், இனம் என்று பிரித்து வெளியிடுகிறார்கள். அதனால்தான் 2022இல் மொத்த விகிதம் 5.6 ஆக இருந்தபோது வெள்ளையினக் குழந்தைகளுக்கு 4.5, கறுப்பினக் குழந்தைகளுக்கு 10.9 என்று கறுப்பின மக்கள் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போட முடிகிறது. நம் கையில் என்ன இருக்கிறது? அனுபவம் இருக்கிறது, அழுகை இருக்கிறது. 'ஆதாரம் எங்கே?' என்று கேட்டால் எடுத்து வைக்க அட்டவணை இல்லை.

அம்பேத்கருக்கும் ரமாபாய்க்கும் பிறந்த ஐந்து குழந்தைகளில் நான்கு சிறு வயதிலேயே இறந்தன. கடைசி மகன் ராஜரத்னா இறந்தது 1926இல். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதா வந்தபோது அதை ஆதரித்துப் பேசியவர் அவர். தாயின் ஓய்வு சலுகையல்ல, சமூகத்தின் கடமை என்ற அரசியல் நமக்கு அங்கிருந்தே வருகிறது. சிசு மரணம் சுகாதாரத் துறையின் உள்விவகாரம் என்று ஒதுங்கிக்கொள்ள சாதி ஒழிப்பு இயக்கத்துக்கு உரிமை கிடையாது.

நம் கோரிக்கை எளியது. தருமபுரியில் தொடங்குங்கள். கடந்த ஐந்தாண்டுகளில் இறந்த ஒவ்வொரு குழந்தையும் எத்தனை மணி, எத்தனை நாள் வாழ்ந்தது, ஆணா, பெண்ணா, பெற்றோர் வசிக்கும் ஒன்றியம் எது, பட்டியல் சாதியா, அதில் அருந்ததியரா, பழங்குடியா, பிறரா என்று பெயரில்லாமல் தொகுத்து வெளியிடுங்கள். அதே அட்டவணையில் இறந்து பிறந்தவற்றையும் சேருங்கள். புதிய ஆய்வு வேண்டாம், புதிய நிதி வேண்டாம். இருக்கும் பதிவேடுகளை ஒன்றோடொன்று இணைத்தால் போதும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியைச் சேர்ப்போம் என்று ஒன்றிய அரசே 2025 ஏப்ரலில் ஒப்புக்கொண்ட பிறகு, சமூகநீதி பேசும் மாநிலத்துக்கு இதில் என்ன தயக்கம்?

அரசு தானாகத் தரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம். மேலே உள்ள கேள்விகளை அப்படியே எழுதி மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு அனுப்புங்கள். 'தொகுக்கப்படவில்லை' என்று பதில் வந்தால் அதையும் வெளியிடுங்கள். ஏன் தொகுக்கவில்லை என்பது அடுத்த மனு. அரூரில் ஒருவர், பென்னாகரத்தில் ஒருவர், பாப்பிரெட்டிப்பட்டியில் ஒருவர் என்று எழுதத் தொடங்கினால் போதும்.

அடுத்த முறை யாராவது 13 என்ற எண்ணைப் பெருமையாகப் பகிர்ந்தால், அதற்குக் கீழே இரண்டே கேள்விகளை எழுதுங்கள் தோழர்களே: எந்த நாளில்? எந்தத் தெருவில்?